கலம்காரி வகுப்பு: பெற்றோருக்குக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

தை மாதத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நம் பள்ளியிலேயே கலம்காரி, அதாவது துணியில் இயற்கைச் சாயத்தால் படம் வரையும் கலையைச் செய்யப் போகிறார்கள். போன வருடக் கண்காட்சிக்குக் கடையில் வாங்கிய அச்சுத் துணியை வெட்டி, சார்ட்டில் ஒட்டிக் கொண்டுவந்தவர்களே அதிகம். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தத் துணியில் உள்ள கறுப்பு எப்படி வந்தது என்று கேட்டால் ஒரு பிள்ளைக்கும் சொல்லத் தெரியவில்லை. எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. ஆகவே இந்த முறை தயவுசெய்து எதையும் வாங்கித் தராதீர்கள், வீட்டில் செய்தும் கொடுக்காதீர்கள்.

நகரியிலிருந்து பஸ் ஏறினால் போய்விடும் தூரத்தில் இருக்கிறது காளஹஸ்தி. மசூலிப்பட்டினம் பக்கம் பெடனாவில் மரக்கட்டை அச்சால் ஒற்றுகிறார்கள். காளஹஸ்தியில் முழுக்கக் கையால் வரைகிறார்கள். ராமாயணத்தையும் பாரதத்தையும் கட்டம் கட்டமாக வரைந்து கோயிலில் தொங்கவிட்ட துணிகள் அவை. அருகிப்போயிருந்த அந்தக் கலைக்கு 1950களில், கைவினைக் கலைகளுக்காகப் பாடுபட்ட கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியால் அங்கே பயிற்சி நிலையம் வந்தது. அந்த ஊர்க் கலைஞர் ஜொன்னலகட்ட குருப்ப செட்டிக்கு 2008இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். தமிழ்நாட்டிலும் இந்தக் கலை இருக்கிறது. கருப்பூர் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது.

வேலை துணியிலிருந்து தொடங்குகிறது. கஞ்சி போக அலசிய, வெளுக்காத கோரா துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் ஊறவைத்துக் காயவைக்க வேண்டும். பாலில் உள்ள கொழுப்பு, மை பரவாமல் பிடித்துக்கொள்ளும். கடுக்காயின் துவர்ப்புதான் கறுப்பைத் தருகிறது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டுச் சில வாரம் புளிக்கவிட்டால் மங்கலான ஒரு நீர் கிடைக்கும். அதைக் கலம் என்கிற மூங்கில் எழுதுகோலில் தொட்டு அந்தத் துணியில் இழுத்தால், கோடு கண்ணெதிரே கறுத்துவிடும். கலத்தின் நுனிக்குச் சற்று மேலே கம்பளியைச் சுற்றி நூலால் கட்டியிருப்பார்கள். விரல் அதை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவுதான் மை இறங்கும். பிள்ளைகளுக்கு முதலில் கோடு தடித்துப்போகும், சொட்டும். பரவாயில்லை, அந்தத் துணியையும் கண்காட்சியில் வைப்போம்.

சிவப்பு இன்னும் பொறுமை கேட்கும். படிகார நீர் தடவிய இடத்தில்தான் சாயவேரின் சிவப்பு நிற்கும். மற்ற இடத்தில் அலசும்போது போய்விடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் அலசல், வெயில், மறுபடி அலசல். ஓடுகிற தண்ணீர் வேண்டும் என்பதால் பள்ளிக்குப் பின்னால் உள்ள பம்புசெட் வாய்க்காலில் ஆசிரியர்கள் கூட நின்று அலச வைப்பார்கள். கொதிக்க வைக்கும் வேலை முழுவதும் எங்களுடையது.

பாடம் கெட்டுவிடுமே என்று சிலர் கேட்டீர்கள். சனிக்கிழமை மதியம் மட்டும்தான் இந்த வேலை. அப்புறம், இரும்பும் துவர்ப்பும் சேர்ந்து கறுப்பாவது எட்டாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர் நடத்த விரும்பும் பாடம்தான்.

நம்மில் பலர் வீட்டில் தறி ஓடுகிறது. தறியிலிருந்து இறங்கிய, வெளுக்காத பருத்தித் துணியில் ஒரு முழத் துண்டு கொடுத்தால் போதும். பாலியஸ்டர் கலந்தது சாயம் பிடிக்காது. பழைய ஆணி, லாடம், ஒடிந்த அரிவாள் எது இருந்தாலும் காகிதத்தில் சுற்றி, கூர்மையானதைப் பெரியவர்களே கொண்டுவந்து கொடுங்கள். வெல்லத்தில் ஒரு சின்னக் கட்டியும் வேண்டும். மார்கழி முதல் வாரத்திலேயே பானையை வைத்துவிட்டால்தான் தைக்குள் மை தயாராகும். எனவே இரும்பும் வெல்லமும் இந்த வாரமே வரட்டும், துணி பிறகு வந்தாலும் சரி.

சனிக்கிழமைகளில் வெள்ளைச் சட்டை போட்டு அனுப்ப வேண்டாம். அந்தக் கறுப்பு பட்டால் சோப்புக்குப் போகாது. தோல் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்