பூசாரிக்கும் அவனுக்கும் ஒரே தொண்டை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே கதையைப் பாட்டுகளாகத் தொடுக்கும் ராக் கான்செப்ட் ஆல்பங்களில் தனிமனிதவாதமும் கூட்டுவாதமும் மோதிக்கொள்வதைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் ஒரு பிழை இருக்கிறது. ரஷ் என்ற மூவர் குழுவின் '2112' (1976) கூட்டத்தை வென்ற ஒருவனின் கதையாம். பூசாரிகள் ஆளும் எதிர்கால உலகில் ஒருவன் பழைய கிட்டார் ஒன்றைக் கண்டெடுக்கிறான், பூசாரிகள் அதை ஒதுக்கித் தள்ளுகிறார்கள்; ஆல்பத்தின் முதல் பக்கம் முழுக்க இந்தக் கதைதான். அவன் எங்கே வென்றான்? ஏழு பகுதிகளில் ஆறாவதான 'சொலிலக்வி'யில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொள்கிறான். பூசாரிகள் ஆளும் சூரியக் கூட்டாட்சி தாக்கப்படுவது அதற்குப் பிறகு, 'கிராண்ட் ஃபினாலே'யில். முன்பு அந்தக் கோள்களை விட்டுப் போன மூத்த இனத்தார் திரண்டு வந்து மீட்டார்கள் என்றுதான் பலர் கொள்கிறார்கள். அப்படியே வைத்துக்கொண்டாலும், ஒரு கூட்டத்தை வீழ்த்தியது இன்னொரு கூட்டம். ஆட்சி யார் கைக்குப் போனது என்பதை இறுதி அறிவிப்பு வெளிப்படையாகச் சொல்வதும் இல்லை. (அந்த அறிவிப்பின் ஆங்கில மூலத்தில் முதல் வரிக்கு 7 சொற்கள், மூன்று முறை வருகிறது, அடுத்த வரிக்கு 4 சொற்கள், அதுவும் மூன்று முறை. மொத்தம் 21, 12: ஆல்பத்தின் பெயரேதான். எண்ணிப் பாருங்கள்.)

வரிகளை மட்டும் படித்தால் இந்த ஆல்பம் பிடிபடாது. யார் குரலில் எது வருகிறது என்று கேட்க வேண்டும். சிரிங்க்ஸ் கோயில் பூசாரிகள் பாடுவது உச்சஸ்தாயியில், கிட்டத்தட்ட அலறலாக; பின்னால் கிட்டாரின் இரைச்சல். கிட்டாரைக் கண்டெடுத்தவன் பாடும்போது குரல் தணிகிறது, கிட்டாரும் தெளிகிறது. 'பிரசென்டேஷன்' பகுதியில் இரண்டும் மாறி மாறி வரும். இரண்டையும் பாடுபவர் கெடி லீ ஒருவர்தான். கட்டுரையாளர் இதைத் தொடவே இல்லை.

'டிஸ்கவரி' பகுதியையும் அவர் விட்டுவிட்டார். 6 நிமிடம் 45 விநாடி வாக்கில் அது தொடங்குகிறது. முதலில் ஓடும் நீரின் சத்தம். பிறகு சுருதி கலைந்து கிடக்கும் கிட்டாரின் தந்தி ஒவ்வொன்றாக ஒலிக்கிறது. குழுவின் கிட்டார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சன் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்ப்பதை அப்படியே விட்டிருக்கிறார்கள். தனித்தனி ஸ்வரம் மெல்லச் சேர்ந்தொலித்துக் கார்டாகிறது, கார்டு பாட்டாகிறது. இசையே தெரியாத உலகில் ஒருவன் அதைத் தானாகக் கண்டுபிடிப்பது ஒரு சொல்லும் இல்லாமல் காதில் விழுகிறது. கையோடு அவன் செய்வது என்ன? எல்லோருக்கும் இது வேண்டும் என்று பூசாரிகளிடம் எடுத்துக்கொண்டு ஓடுகிறான். தனக்கென்று ஒளித்து வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

தனிமனிதவாதத்தைப் போற்றிய எழுத்தாளர் அயன் ராண்டின் 'ஆந்தம்' நாவலோடு உள்ள ஒற்றுமையைக் கட்டுரை சரியாகவே சொல்கிறது. வரிகளை எழுதிய டிரம்மர் நீல் பியர்ட் ஆல்பத்தின் உறையில் ராண்டின் மேதைமைக்கு நன்றி சொன்னார். அந்த ஒரு வரிக்காகப் பிரிட்டிஷ் பத்திரிகை ஒன்று இவர்களைப் பாசிசத்தோடு முடிச்சுப் போட்டது. கெடி லீயின் பெற்றோர் நாஜி வதைமுகாம்களிலிருந்து உயிர் பிழைத்தவர்கள் என்பதை நினைத்தால் அந்தக் குற்றச்சாட்டின் அபத்தம் விளங்கும். பிற்காலத்தில் பியர்ட் ராண்டை விட்டு விலகிவிட்டதாகச் சொன்னார். நாவலும் ஆல்பமும் பிரியும் இடம் முடிவு. நாவலில் நாயகன் காட்டுக்குத் தப்பி, 'நான்' என்ற சொல்லைக் கண்டடைந்து வாழ்கிறான். பியர்டின் நாயகனுக்கு அந்த வழி இல்லை.

அந்தப் பூசாரிகளை வெறும் கம்யூனிச அரசாகப் பார்ப்பதும் பாதிதான் சரி. 1975இல் வந்த 'கரெஸ் ஆஃப் ஸ்டீல்' சரியாக விற்கவில்லை. ரெக்கார்டு கம்பெனி சின்னச் சின்னப் பாட்டாகக் கேட்டது. ரஷ் இசைத்தட்டின் ஒரு முழுப் பக்கத்துக்கு 20 நிமிடத் தொடரைக் கொடுத்தது. கிட்டாரைக் கொண்டுபோய்க் காட்டியவனிடம் "இது வேண்டாம், பழைய பொம்மை" என்று சொல்லும் பூசாரியிடம் அரசாங்க வாடையைவிடக் கம்பெனி வாடைதான் எனக்கு அதிகம் அடிக்கிறது.

பிங்க் ஃப்ளாய்டின் 'தி வால்' (1979) பற்றிக் கட்டுரையில் இரண்டே வாக்கியங்கள். இந்த விவாதத்துக்கு '2112'ஐவிட அதுதான் முக்கியம் என்பேன். தன்னைச் சுற்றி மனச்சுவர் எழுப்பிக்கொள்ளும் ராக் பாடகன் ஒருவனின் கதை வழியாக, தனிமையையும் கூட்டத்தையும் ஒரே நோயின் இரு கட்டமாகக் காட்டும் ஆல்பம் அது. தொடக்கத்தில் வரும் 'இன் த ஃபிளெஷ்' மெட்டு பின்பாதியில் திரும்ப வரும்போது, சுவருக்குள் அடைபட்டவன் பாசிசக் கூட்டத்தின் தலைவனாக மேடையில் நிற்கிறான். பள்ளிப் பிள்ளைகள் பாடும் பிரபலமான பாட்டையும் கவனியுங்கள். ஒரே அச்சில் வார்ப்பதை எதிர்க்கும் வரிகளை எல்லோரும் ஒரே குரலில், டிஸ்கோ தாளத்தில், அணிவகுப்புபோலப் பாடுகிறார்கள். கும்பலாகத் தெரிய வேண்டும் என்று அந்தக் குரல்களை 12 முறை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவு செய்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. தனியொருவனைப் பாடிய '2112'இல் வரி பியர்டுடையது, இசை மற்ற இருவருடையது; மூவரும் சரிசமமாய் உழைத்த வேலை. தனிமையை நோயென்று சொன்ன 'தி வால்' பெரும்பாலும் பிங்க் ஃப்ளாய்டின் ரோஜர் வாட்டர்ஸ் ஒருவரின் ஆல்பம். பதிவு நடக்கும்போதே கீபோர்டு கலைஞர் ரிச்சர்ட் ரைட் வெளியேற்றப்பட்டு, கச்சேரிகளில் சம்பளத்துக்கு வாசித்தார்.

தி ஹூ குழுவின் 'குவாட்ரோஃபீனியா' (1973) கட்டுரையில் இல்லவே இல்லை. 'மாட்' (mod) எனப்பட்ட பிரிட்டிஷ் இளைஞர் கூட்டத்தில் சேர்ந்தால் தான் யாரென்று தெரிந்துவிடும் என்று நம்புகிறான் அதன் நாயகன் ஜிம்மி. அவன் அண்ணாந்து பார்த்த தலைவன் ஒரு ஹோட்டலில் பெட்டி தூக்கிக்கொண்டிருக்கிறான்.

கேட்கப்போகிறவர்களுக்கு: '2112'இன் முதல் பக்கம் ஸ்ட்ரீமிங்கில் ஒரே தடமாக வருவதால், வரிசை மாற்றி ஒலிக்கும் ஷஃபிள் அதைக் கலைக்காது. இரண்டாம் பக்கத்துப் பாட்டுகள் தனித்தனியானவை; கதையின் தொடர்ச்சியை அங்கே தேட வேண்டாம். 'தி வால்' 26 தடங்கள், ஷஃபிளில் சிதறிவிடும். சுவரின் கடைசிச் செங்கல் வைக்கப்படுவது முதல் இசைத்தட்டின் முடிவில். அங்கே சற்று நிறுத்திவிட்டு அடுத்ததைத் தொடங்கலாம். ஒரு தடத்தின் முடிவை அடுத்ததோடு கலக்கும் கிராஸ்ஃபேடை அணைத்துவிட்டு ரிப்பீட்டைப் போடுங்கள். கடைசித் தடத்தின் முடிவில் பாதியில் அறுபடும் வாக்கியத்தின் மீதி முதல் தடத்தின் தொடக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்