மேயர் கையில் ஒரு கால்பந்து அணி

சியோங்னாம், தென் கொரியா

அன்புள்ள முத்து,

கடிதம் வந்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. கட்டைப் பிரித்ததும் உன் தொப்பையைத்தான் முதலில் பார்த்தார்களாமே, பார்வை தெளிவாகத்தான் வந்திருக்கிறது! இங்கே குளிர் இறங்கிவிட்டது. எனக்கு வேலை, வீடு, சனி ஞாயிறு வந்தால் கால்பந்து, அவ்வளவுதான்.

நம் கிளப்பை நகராட்சியே ஏற்று நடத்தும்படி மனு கொடுக்கப் போவதாக எழுதியிருந்தாய். கையெழுத்து வாங்கத் தொடங்கும் முன் நான் குடியிருக்கும் ஊரின் கதையைக் கேட்டுக்கொள். சியோங்னாம் எஃப்.சி. என்ற கால்பந்துக் கிளப் இந்த நகரத்தின் சொத்து. மேயராக யார் வந்தாலும் அவர்தான் கிளப்பின் முதலாளி.

1989இல் இதைத் தொடங்கியது இல்வா என்ற கம்பெனி. ஜின்செங் பானம் விற்பவர்கள். சன் மியுங் மூன் நிறுவிய யூனிஃபிகேஷன் சர்ச் என்ற புது மதப்பிரிவுக்குச் சொந்தம். முதலில் சியோலில் இருந்தது. தலைநகரில் இருந்த கிளப்புகளை வெளியூர்களுக்கு அனுப்பியபோது 1996இல் சியோனானுக்குப் போனது. 2000இல் இங்கே வந்தது. சர்ச்சின் அணி எங்கள் ஊருக்கு வேண்டாம் என்று இங்குள்ள புராட்டஸ்டண்ட் அமைப்புகள் எதிர்த்துக் கிளம்பின. அணி மட்டும் ஜெயித்துக்கொண்டே இருந்தது: கொரிய லீக் பட்டம் 7 முறை, ஆசிய கிளப் கோப்பை 1995இலும் 2010இலும். மூன் 2012இல் காலமானார். அடுத்த ஆண்டே சர்ச் கையை விரித்துவிட்டது. அன்சான் நகரம் வாங்கும் என்று பேச்சு அடிபட்டது. கடைசியில் 2013 அக்டோபரில் சியோங்னாம் நகரமே எடுத்துக்கொள்வதாக அறிவித்தார் அப்போதைய மேயர் லீ ஜே மியுங். ஆமாம், 2025இல் நாட்டின் அதிபரானாரே, அவரேதான்.

முதல் ஆண்டே கோப்பை! 2014 கொரிய எஃப்.ஏ. கோப்பை இறுதி, எதிரே எஃப்.சி. சியோல், அதுவும் அவர்கள் மைதானத்தில். கோலே விழவில்லை. பெனால்டிக்கென்றே வேறு கோல்கீப்பரை இறக்க நினைத்து அவரைக் கோட்டோரம் நிறுத்தி வைத்திருந்தது சியோல். பந்து வெளியே போனால்தானே மாற்ற முடியும்? நம்மாட்கள் பந்தை வெளியே விடாமல் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தார்கள். விசில் ஊதிவிட்டது, மாற்று கீப்பர் நின்ற இடத்திலேயே நின்றார். பெனால்டியில் 4-2. இந்தக் குசும்பு ஒன்றுக்காகவே இந்த அணியை எனக்குப் பிடிக்கும்.

சரி, காசு எங்கிருந்து வந்தது? டிக்கெட் விற்று இங்கே எந்தக் கிளப்பும் பிழைக்க முடியாது. டான்சியோன் மைதானத்தில் ஆடுகளத்தைச் சுற்றி ஓட்டப்பந்தயத் தடம் வேறு. தள்ளி உட்கார்ந்துதான் பார்க்க வேண்டும். ஆண்டுதோறும் மாமன்றம் ஒதுக்கும் வரிப்பணம்தான் ஆதாரம், மிச்சத்துக்கு விளம்பரதாரர். 2015இல் அணியின் சட்டையில் இருந்தது எந்தக் கம்பெனியின் பெயருமில்லை. ஏழைகளின் வாராக்கடனை ரத்து செய்யும் 'ரோலிங் ஜுபிலி' இயக்கத்தின் பெயர். பார்க்க எவ்வளவு அழகு! அந்த இடத்துக்கான பணம், நேவர் என்ற பெரிய இணைய நிறுவனம் ஒரு தொண்டு அமைப்புக்குக் கொடுத்து அதன் வழியாக வந்தது. நேவருக்கு இதே ஊரில்தான் தலைமையகம். ஆஸ்பத்திரிக்கென்று ஒதுக்கிய நிலத்தை வணிக நிலமாக மாற்ற அனுமதி பெற்ற துசான் கட்டுமான நிறுவனமும் பணம் கொடுத்தது. இப்படி வந்த 1,300 கோடி வொன்னுக்கு மேற்பட்ட தொகை, நம் பணத்தில் சுமார் 80 கோடி ரூபாய், நகராட்சி அனுமதிகளுக்குக் கைமாறு என்று 2023இல் லீ மீது வழக்குப் போட்டார்கள். எல்லாம் முறையான விளம்பர ஒப்பந்தம், லாபம் ஊருக்குத்தான் என்பது அவர் பதில். அதிபரானதும் அவர் மீதான விசாரணை நிறுத்தி வைக்கப்பட்டுவிட்டது. யார் சொல்வது சரியோ, ஆனால் கட்டட அனுமதியில் கையெழுத்துப் போடுகிறவரே கிளப்புக்கும் நிதி திரட்டினால் இந்தச் சந்தேகம் வராமல் எப்படி இருக்கும்?

அரசியல்வாதி முதலாளி என்றால் கூத்துக்கும் குறைவில்லை. 2016இல் பக்கத்து ஊரான சுவோன் மேயரும் லீயும் பந்தயம் கட்டினார்கள்: தோற்ற ஊரின் மாநகராட்சிக் கட்டடத்தில் ஜெயித்த அணியின் கொடி பறக்க வேண்டும். ஊரே கலகலத்தது. அந்த ஆண்டு முடிவில் இரண்டு அணிகளுமே இரண்டாம் பிரிவுக்கு இறங்கின! சியோங்னாம் 2019இல் மேலே வந்து 2022இல் கடைசி இடம் பிடித்து மறுபடி கீழே போனது. அதே ஆண்டு மாற்றுக் கட்சி மேயர் வந்தார், கிளப்பை விற்கலாமா என்ற பேச்சு எழுந்தது. ரசிகர்கள் விடவில்லை. சர்ச் கைவிட்டபோது யாரிடம் போய்க் கேட்பது என்றே தெரியாமல் நின்றவர்கள், இந்த முறை மேயரிடமே நியாயம் கேட்டார்கள். அந்த ஒரு காரணத்துக்காகத்தான் நகரம் வைத்திருப்பதே மேல் என்கிறேன்.

ஆகவே மனு கொடு. ஆனால் அணியை நடத்தச் சொல்லாதே. மைதானத்தையும், மூன்று ஆண்டுக்கு இவ்வளவு என்று மன்றத் தீர்மானத்தில் எழுதிய தொகையையும் மட்டும் கேள். ஸ்பான்சர் பிடிக்கும் வேலையைச் சேர்மன் பக்கமே விடாதே. கணக்கு நோட்டு உங்களிடமே இருக்கட்டும். மனுவின் நகலை அனுப்பு, திருத்தித் தருகிறேன். உன் எழுத்துப்பிழை ஊரறிந்தது.

அம்மாவுக்கு என் வணக்கம். சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல்.

அன்புடன்,
செல்வம்