ஆயிரத்துக்குக் கீழேயும் ஆட்கள் கேட்கிறார்கள்

இசைச் செயலிகளை நடத்துகிறவர்களுக்கு,

வணக்கம். ஆயிரம் முறை கேட்கப்படாத பாட்டுக்குப் பணமில்லை என்ற விதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்த சின்ன இண்டி பாப் குழு, அதாவது பெரிய இசை நிறுவனம் எதையும் சாராதவர்கள். வரும் வெள்ளிக்கிழமை எங்கள் முதல் சிங்கிள் (தனிப் பாட்டு) வெளியாகிறது. 2015 ஜூலையிலிருந்து பெரும்பாலான நாடுகளில் புதுப் பாட்டு என்றால் வெள்ளிதான். பெரிய நட்சத்திரங்களின் பாட்டு வரும் அதே நாளில்தான் எங்கள் பாட்டும் வரும்.

படுக்கையறையில் துணி அலமாரியைத் திறந்துவைத்து, தொங்கும் துணிகளுக்கு நடுவே மைக்கை நீட்டிப் பாடிப் பதிவு செய்த பாட்டு அது. அப்படிச் செய்தால் அறையின் எதிரொலி அடங்கும். இரண்டாவது சரணத்துக்கு முன்னால் எங்கள் பாடகி மூச்சை இழுப்பது கேட்கும். மிக்ஸிங்கில் எடுத்துவிடலாமா என்று கேட்டபோது நால்வரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம். அந்த மூச்சு போனால் அடுத்த வரிக்கு உயிரே இல்லை.

முதல் 22 வினாடி வெறும் கிட்டார்தான். ஸ்பாட்டிஃபை போன்ற இசைச் செயலிகளில் 30 வினாடி கேட்டால்தான் ஒரு தடவை கேட்டதாகக் கணக்கில் ஏறும், அதற்குள் ஆட்கள் தாவிவிடுவார்கள், குரலைச் சீக்கிரம் கொண்டுவாருங்கள் என்று நண்பர்கள் சொன்னார்கள். வெட்டிப் பார்த்தோம், மனசு ஒப்பவில்லை. மறுபடி ஒட்டிவிட்டோம்.

சரி, எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு முந்தைய 12 மாதங்களில் 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அதன் ஒலிப்பதிவுக்கு ராயல்டி, அதாவது பாட்டைக் கேட்பதற்காகத் தரும் பங்குப் பணம். 999 என்றால் ஒன்றும் கிடையாது. அந்தப் பாட்டின் பங்கு, வரம்பைத் தாண்டிய மற்ற பாட்டுகளுக்குப் போய்விடுகிறது.

இதற்குச் சொல்லப்பட்ட காரணத்தையும் படித்தேன். தொகை மிகச் சிறியது. பாட்டை ஏற்றித்தரும் விநியோக நிறுவனங்கள் குறைந்தபட்சத் தொகை சேராமல் பணத்தை எடுக்க விடுவதில்லை. வங்கிக் கட்டணம் வேறு. எப்படியும் அது பாட்டுக்காரர் கைக்கு வராது என்கிறார்கள். உண்மைதான். ஆனால் கைக்கு வர நாளாகும் என்பதற்காக அது அவருடையதே இல்லை என்று ஆகிவிடுமா?

ஒரு குழு பத்துப் பாட்டு போடுகிறது, ஒவ்வொன்றையும் ஆண்டுக்கு 900 முறை கேட்கிறார்கள் என்று வையுங்கள். மொத்தம் 9,000. ஆனாலும் பத்துக்கும் ஒலிப்பதிவு ராயல்டி இல்லை. ஒரே பாட்டு போட்டு 1,000-ஐத் தொட்டவருக்கு உண்டு. எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு சிங்கிளாகத்தான் மெல்ல மெல்ல ஆள் சேர்க்கிறோம். பாட்டுக்குப் பாட்டு வைக்கும் வரம்பு எங்கள் தலையில்தான் விடிகிறது.

பணத்தை இன்றே கொடுங்கள் என்று கேட்கவில்லை. அந்தந்தப் பாட்டின் பெயரில் எழுதி வையுங்கள். ஆயிரத்தைத் தாண்டும் நாளில், அது மூன்று வருஷம் கழித்து என்றாலும், முதல் தடவை கேட்டதிலிருந்து கணக்குப் பார்த்துக் கொடுங்கள். அதுவும் முடியாதென்றால் வரம்பைக் குழுவின் மொத்தக் கணக்குக்கு வையுங்கள். போலியாக எண்ணிக்கையை ஏற்றுகிறவர்களைப் பிடியுங்கள், நாங்களும் உங்கள் பக்கம்தான். அப்புறம், இப்படி வரம்பு இன்னும் வைக்காத செயலிகளுக்கு ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து வைக்காதீர்கள்.

வெள்ளி பிறந்ததும் பாட்டு வந்துவிடும். எங்கள் டிரம்மரின் அம்மா விழித்திருந்து கேட்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த 22 வினாடியும் பொறுத்து முழுசாகக் கேட்பார். அதையும் எங்கள் கணக்கில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அந்தக் குழுவில் கீபோர்டு வாசிப்பவன்