முனி இப்போது நின்று பார்க்கிறான்

சுங்கை சிப்புட்
14 ஜூன் 2026

அன்பு பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். அம்மாவின் முட்டிவலி இப்போது பரவாயில்லை. தம்பி எஸ்பிஎம் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதி நேரம் லாயத்தில்தான் கிடக்கிறான்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நம் குதிரை முனி பேச்சை எடுத்தாலே நீ "சரிப்பா, அம்மாகிட்ட கொடுங்க" என்று விடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி. அப்புறம் கோபம் வந்தால் படு.

ஆகஸ்ட் கடைசியில் கோலாலம்பூர் பக்கம் ஒரு சின்னக் குதிரைத் தாண்டல் போட்டி இருக்கிறது. 80 சென்டிமீட்டர் உயரத் தடைப் பிரிவு. விண்ணப்பப் பாரம் வாங்கி வைத்திருக்கிறேன். குதிரையின் பெயரை எழுதிவிட்டேன். ஓட்டுபவர் பெயர் எழுதும் இடம் காலியாக இருக்கிறது.

அதைப் பற்றிப் பேசுவதற்கு முன் தீபாவளிக்கு மூன்றாம் நாள் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எட்டு மாதமாக நெஞ்சில் கிடக்கிறது. அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. முனி அந்த நீல டிரம் வைத்த தடைக்கு முன்னால் இரண்டு முறை நின்றான். நீ "போதும்பா, நாளைக்குப் பார்க்கலாம்" என்றாய். நான்தான் கேட்கவில்லை. விட்டுக்கொடுத்தால் பழகிவிடுவான் என்று சொல்லி, பின்னால் போய் நின்று சவுக்கைச் சொடுக்கினேன். அவன் நின்ற இடத்திலிருந்தே எம்பினான், நெஞ்சு கட்டையில் மோதியது, நீ அந்தப் பக்கம் விழுந்தாய். ஆஸ்பத்திரியில் உன் காறை எலும்பு உடைந்திருப்பதாகச் சொன்னபோதுகூட நான் "குதிரைன்னா விழத்தான் செய்யும்" என்றுதான் சொன்னேன். தப்பு என்னுடையது பாப்பா. உன்னுடையதும் இல்லை, அவனுடையதும் இல்லை. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். மன்னித்துக்கொள்.

நீ சிங்கப்பூர் திரும்பிய பிறகு ஒரு வாரம் நான் அவன் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒருநாள் காலையில் சேணத்தைக் கழற்றியபோது அவன் முதுகைப் பார்த்தேன். முதுகு முழுக்க வியர்வையில் நனைந்து கறுத்திருக்க, தோள்மேட்டுக்கு இரண்டு பக்கமும் உள்ளங்கை அளவுக்கு மட்டும் காய்ந்த திட்டு. சேணம் அந்த இரண்டு இடத்தில் அவ்வளவு அழுத்தமாக உட்கார்ந்தால் அங்கே வியர்வை வராது. 19 வயதில் ஈப்போ பந்தய லாயத்தில் சைஸ் வேலைக்கு, அதாவது குதிரை பராமரிக்கும் வேலைக்குச் சேர்ந்தவன் நான். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் அவனைத் திமிர் பிடித்தவன் என்று முடிவு கட்டிவிட்டதால் கண்ணில் படவில்லை.

அதற்கப்புறம் எல்லாவற்றையும் முதலிலிருந்து பார்த்தேன். வயிற்று வாரை இறுக்கும்போது காதைப் பின்னால் மடக்கிக் கடிக்க வருவானே, ஞாபகம் இருக்கிறதா? அம்மா அதைப் பார்த்துத்தான் முனியாண்டி கோபம் என்று அவனுக்கு முனி என்று பெயர் வைத்தாள். முதலாளி தவுக்கேயிடம் சொல்லி மிருக டாக்டரை வரவழைத்தேன். முதல் நாள் ராத்திரி அவனைப் பட்டினி போட்டு, மறுநாள் மூக்கு வழியாக மூன்று மீட்டர் நீளக் குழாயில் கேமராவை இறக்கிப் பார்த்தார். சின்னத் திரையில் எனக்கும் காட்டினார். தோல் உரிந்த முழங்கால் மாதிரி, வயிற்றின் மேல்பாதியில் சிவப்புச் சிவப்பாகப் புண்.

பந்தயக் குதிரைகளில் இது சாதாரணமாக வருவதுதான். குதிரை வயிறு நாள் முழுக்க அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். காட்டில் அது நாள் முழுக்கப் புல் மேயும், அதனால் ஒன்றும் ஆகாது. பந்தய லாயத்தில் இரண்டு வேளை தானியம், நடுவில் வெறும் வயிறு, அதோடு ஓட்டம். ஓடும்போது அமிலம் மேலே தெறித்து, பாதுகாப்பு இல்லாத இடத்தை அரித்துவிடும். முனி சிங்கப்பூர் கிராஞ்சி பந்தய மைதானத்தில் ஓடியவன். நீ வேலை பார்க்கும் ஊரில் நூற்றெண்பது வருஷத்துக்கு மேல் நடந்த அந்தக் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் தேதியோடு முடிந்தது அல்லவா, அதற்குப் பிறகுதான் இவன் நம்மிடம் வந்தான். வரும்போதே அந்த வலியோடுதான் வந்திருக்கிறான் போல. அதோடு நாம் சேணம் கட்டி, நீல டிரம்மை நோக்கி ஓட்டினோம்.

28 நாள் அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் பசை கொடுத்தோம். தானியத்தைப் பாதியாகக் குறைத்து, எந்நேரமும் முன்னால் காய்ந்த புல் இருக்கும்படி செய்தேன். இப்போது சேணம் போடுவதற்கு முன் இரண்டு கை புல்லாவது தின்ன வைக்காமல் யாரையும் ஏறவிடுவதில்லை. அந்தப் புல் வயிற்றில் பாய் விரித்த மாதிரி மிதந்து அமிலத்தைத் தெறிக்கவிடாது. பழைய சேணத்தை ஒதுக்கிவிட்டேன். தவுக்கே அகலமானது ஒன்று தேடிக் கொடுத்தார். நல்ல மனிதர். செலவில் பாதியை அவரே ஏற்றுக்கொண்டார்.

ஒரு மாதம் முழுக்க யாரும் ஏறவில்லை. காலையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு செம்பனைத் தோட்டத்துக்குள் நடந்தோம், அவ்வளவுதான். பழக்குலை ஏற்றிய லோரி வந்தால் ஓரமாக நிற்போம். முனியாண்டி கோயில் வாசலில் நீ சின்ன வயதில் ஏறி உட்காருவாயே, அந்த சிமெண்டுக் குதிரைக்குப் பக்கத்தில் கொஞ்சம் இளைப்பாறுவோம். முதல் நாள் அதைப் பார்த்து மூக்கைப் புடைத்துக்கொண்டு சத்தம் போட்டான். இப்போது அதன் மேல் முகத்தைத் தேய்க்கிறான்.

டிரம் விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். குதிரைக்குச் சிவப்பும் பச்சையும் நம்மைப் போலப் பிரிந்து தெரியாது. நீலமும் மஞ்சளும் நன்றாகத் தெரியும். புல்தரையில் அந்த நீல டிரம் அவன் கண்ணுக்கு எப்படிப் பளிச்சென்று அடித்திருக்கும் என்று யோசித்துப் பார். அந்த டிரம்மை அப்படியே அவன் மேயும் வேலிக்குள் படுக்கப் போட்டுவிட்டு, அதன் மேல் ஒரு தட்டில் காலைத் தீனியை வைத்தேன். முதல் நாள் மத்தியானம் வரை பக்கத்தில் வரவில்லை. கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவான். இரண்டாம் நாள் உடம்பெல்லாம் பின்னால் இழுத்துக்கொண்டு உதட்டை மட்டும் நீட்டி ஒரு வாய் எடுத்தான். மூன்றாம் நாள் தட்டைக் காலி செய்துவிட்டு, மூக்கால் ஒரு தள்ளு தள்ளினான். டிரம் உருண்டது. துள்ளி ஓடினான். பத்து அடி போய் நின்றான். திரும்பி வந்து மறுபடியும் தள்ளினான். அன்று முழுக்க அதுதான் அவனுக்கு விளையாட்டு. நான் வேலியில் சாய்ந்துகொண்டு பார்த்துக்கொண்டே இருந்தேன். உனக்குப் போன் போடலாம் என்று எடுத்தேன், போடவில்லை.

அதற்குப் பிறகு தரையில் கட்டைகள். ஒன்றுக்கொன்று 1.30 மீட்டர் இடைவெளி, நிதானமான டிராட்டில் (மெதுவான ஓட்டத்தில்) நான்கு கட்டை. பிறகு பெருக்கல் குறி போல வைத்த தாழ்வான தடை. அதற்கு 2.5 மீட்டர் முன்னால் தரையில் ஒரு கட்டை. அந்தக் கட்டை எங்கே எம்ப வேண்டும் என்று அவனுக்கே சொல்லிவிடும், மேலே இருப்பவர் ஒன்றும் செய்ய வேண்டாம். தம்பிதான் ஏறினான். மார்ச்சில் மூன்று வாரம் நிறுத்த வேண்டியதாகிவிட்டது. உடம்பு நெருப்பாகக் கொதிக்கிறது, வியர்வை மட்டும் வரவில்லை. நம் ஊர் வெக்கையில் சில குதிரைகளுக்கு இப்படி வியர்ப்பதே நின்றுவிடும். மின்விசிறி, உப்பு, தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது என்று பார்த்து மீட்டோம். இப்போது விடிந்ததும் ஏழு மணிக்கு ஏறினால் எட்டுக்குள் இறங்கிவிட வேண்டும். போட்டியன்றும் நம் முறை காலையில் வரும்படி கேட்டுப் பார்க்க வேண்டும்.

இன்று 75 சென்டிமீட்டரில் எட்டுத் தடையும் தாண்டினான். அதில் இரண்டு டிரம் தடை.

இனி நீ ஏறுவதாக இருந்தால் தெரிந்துகொள்ள வேண்டியது. அவனைப் பிடித்து இழுக்காதே. பந்தயத்தில் ஜாக்கி கடிவாளத்தை இறுக்கினால் 'ஓடு' என்று அர்த்தம், அது இன்னும் அவன் மண்டையில் இருக்கிறது. நீ இழுக்க இழுக்க வேகம்தான் கூடும். நிமிர்ந்து உட்கார், மூச்சை விடு, "ஓ... ஓ..." என்று குரல் கொடு. அதற்கு அடங்குகிறான். தாண்டி இறங்கியதும் நேர்கோடு கண்ணில் பட்டால் பறப்பான், அதனால் இறங்கும்போதே அடுத்த தடையைப் பார். உன் முகம் திரும்பினால் அவனும் திரும்புவான்.

தடைக்கு முன்னால் தலையை மட்டும் தயவுசெய்து விடு. கண் பக்கவாட்டில் இருப்பதால் நெற்றிக்கு நேர் முன்னால் இருப்பது அவனுக்குத் தெரியாது. தலையைத் தூக்கி இறக்கித்தான் தூரத்தை அளக்கிறான். கழுத்தை இறுக்கிப் பிடித்தால் பாதிக் கண்ணைக் கட்டியது போலத்தான். இப்போது அவன் தடைக்கு இரண்டு பாய்ச்சல் முன்னால் காதை முன்னால் குவித்து ஒரு பார்வை பார்ப்பான். அப்போது சட்டென்று வேகம் குறையும். நிற்கப் போகிறான் என்று பயந்து உதைத்துவிடாதே. பார்த்துவிட்டுத் தாண்டிவிடுவான்.

போட்டிக்கு முதல் நாளே லோரியில் போய்விடுவோம். மைதானத்தில் நடந்து அளக்கும்போது இரண்டு தடைக்கு நடுவில் 18 மீட்டர் இருந்தால் நம் காலடியில் இருபது, அவனுக்கு கேண்டரில் (துள்ளு ஓட்டத்தில்) நான்கு பாய்ச்சல். அவன் பாய்ச்சல் பெரியது, நான்கு போதும், ஐந்து போட முயலாதே. மணி அடித்த பிறகு 45 வினாடி இருக்கிறது. அவசரப்படாமல் டிரம் தடைப் பக்கமாக ஒரு வட்டம் வந்துவிட்டுத் தொடங்கு. ஒரு முறை நின்றால் நான்கு தண்டப் புள்ளி. சர்வதேச விதிப்படி இரண்டாவது முறை நின்றால் வெளியேற வேண்டும். அப்படி நின்றால் நடுவருக்கு வணக்கம் வைத்துவிட்டு அவன் கழுத்தைத் தட்டிக்கொடுத்து வெளியே வா. நான் வாசலில் கையில் கயிறோடு நிற்பேன். சவுக்கு கொண்டுவர மாட்டேன்.

உனக்கு ஏற மனமில்லை என்றால் தம்பி ஏறுவான். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, சத்தியமாக. அப்போதும் ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு வா. ஜொகூர் லார்கினில் ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலையில் ஈப்போ அமான் ஜெயா பஸ் நிலையத்தில் வந்து கூட்டிக்கொள்கிறேன். பசியாறிவிட்டு நேராக லாயத்துக்குப் போகலாம். ஏற வேண்டாம், அவன் டிரம் உருட்டுவதையாவது பார்.

உன் பழைய ஹெல்மெட்டை வெட்டிப் போட்டுவிட்டேன். வெளியில் கீறல்கூட இல்லைதான், ஆனால் ஒரு முறை அடி வாங்கிய ஹெல்மெட்டை நம்பக் கூடாது. புதிதாக ஒன்று வாங்கப் போகிறேன். ஏறினாலும் ஏறாவிட்டாலும் அது உனக்குத்தான். தையல் டேப்பை நெற்றியைச் சுற்றி, புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்து அளந்து எத்தனை சென்டிமீட்டர் என்று மெசேஜ் போடு. 56 என்று ஞாபகம். சனிக்கிழமை ஈப்போ போகிறேன், அதற்குள் சொல்.

அன்புடன்,
அப்பா