பழைய வாள்களைத் துலக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

காட்சிக்கு வைப்பதற்காகப் பழைய கடற்படை வாள்களைப் 'புதிதுபோல்' துலக்கியதாகத் தங்கள் நாளிதழில் வெளியான செய்தி கவலை தருகிறது. துலக்குவது பராமரிப்பல்ல, தடயத்தை அழிப்பது. பிரித்தானியக் கடற்படையின் 1827 மாதிரி அதிகாரி வாளில் பித்தளைக் கைகாப்பின் மேல் இருப்பது மெல்லிய பொற்பூச்சு மட்டுமே; பித்தளை துலக்கும் திரவம் அதை உரித்துவிடும். அலகில் அமிலத்தால் பொறித்த நங்கூரச் சின்னமும் ஆழமற்றது. வில்கின்சன் என்ற இலண்டன் வாள் தயாரிப்பாளரின் வாள்களில், அலகின் முதுகிலுள்ள தொடரிலக்கம் தேய்ந்தால், அதைக்கொண்டு காலத்தையும் முதல் உரிமையாளரையும் அறியும் வழி அடைபடும். மாலுமிகளின் 1804 மாதிரி கட்லஸ் எனும் குறுவாளிலோ, உப்புக் காற்றுக்கு எதிராகப் பூசிய கறுப்பு வர்ணத்தையே அழுக்கென்று சுரண்டிவிடுகிறார்கள்!

கொழும்பின் ஈரப்பதத்தில் பெரிய எதிரி தோலுறைதான். அது நீரை உறிஞ்சி வைத்திருப்பதால், உறைக்குள்ளிருக்கும் அலகு கண்ணுக்குத் தெரியாமல் துருப்பிடிக்கிறது. தோலின் அமிலம் பட்டுப் பித்தளைப் பூண்களில் பச்சைப் பசையும் படிகிறது. ஆகவே வாளையும் உறையையும் தனித்தனியே வையுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள். பழைய எண்ணெயை வைட் ஸ்பிரிட் எனும் பெற்றோலியக் கரைப்பானால் துடைத்தபின், நுண்படிக மெழுகை (microcrystalline wax) மெல்லிதாகப் பூசினால் போதும்.

வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு - 06