முதல் நாளே ஓர் இடம் தாருங்கள்

மதிப்புக்குரிய பணிப்பாளர் அவர்களுக்கும், கொலனோஸ்கோபி பிரிவில் கடமையாற்றும் வைத்தியர்கள், தாதியர் அனைவருக்கும்,

வணக்கம்.

அண்மையில் உங்கள் பிரிவுக்கு, கெமராக் குழாயை விட்டுக் குடலைப் பார்க்கும் பரிசோதனைக்கு வந்த ஒரு வயதான பெண்ணை, குடல் சுத்தமாகவில்லை, மருந்தை ஒழுங்காகக் குடிக்கவில்லை என்று ஏசித் திருப்பி அனுப்பினீர்கள். பொகவந்தலாவைக்கு மேலே ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர். என் அம்மா. மாதக்கணக்கில் தள்ளி வேறு திகதி போட்டுத் தந்திருக்கிறீர்கள். அந்தத் திகதிக்கு வரமாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டார். மலத்தோடு இரத்தம் போவது இன்னும் நிற்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

திருப்பி அனுப்பியதைக் குறை சொல்லவில்லை. குடலில் கழிவு மிச்சமிருந்தால் கெமராவில் ஒன்றும் தெரியாது, சின்னக் கட்டி இருந்தாலும் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பது எனக்கும் விளங்குகிறது. ஆனால் ஏன் சுத்தமாகவில்லை என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அம்மா வெட்கத்தில் வாய் திறந்திருக்கமாட்டார். ஆகவே நான் சொல்கிறேன்.

நீங்கள் தந்த அறிவுறுத்தல் துண்டில், குடலைச் சுத்தமாக்கும் மருந்து குடிக்கத் தொடங்கியதும் கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருக்கவும் என்று ஒரு வரி இருக்கிறது. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், கழிப்பறை பின்பக்கம், படி இறங்கி, தண்ணீர்ப் பீலியைத் தாண்டி இருக்கிறது. பக்கத்துக் காம்பிராக்காரர்களுக்கும் அதுதான். மழைக்காலத்தில் அந்தப் படி எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கம் வேலை பார்க்கிற உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்? மருந்துப் பவுடரைக் கரைத்து முதல் பாதியை மாலையில் குடித்தார். ஒவ்வொரு கிளாசுக்கும் ஓங்கரித்தார். இருட்டத் தொடங்கியதும் வயிற்றால் போக ஆரம்பித்தது, பிறகு நிற்கவில்லை. கொழுந்து எடுக்கும்போது கட்டுகிற படங்கைத் தலையில் போர்த்திக்கொண்டு அவர் முன்னால் போக, நான் டோர்ச் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். ஒரு தடவை உள்ளே ஆள் இருந்தது. அம்மா வெளியே சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதற்கு மேல் எழுத விரும்பவில்லை. பாவாடையை அந்த மழையிலேயே பீலியில் அலசினார். உதவிக்குப் போன என்னைக் கிட்ட வரவிடவில்லை.

மிச்சப் பாதியை விடிகாலையில் குடிக்க வேண்டும். அந்த நேரத்தில் நாங்கள் பஸ்ஸில் இருக்க வேண்டும். முதல் பஸ்ஸில் ஹட்டனுக்கு வந்து, அங்கே மாறினால்தான் உங்கள் பதிவு நேரத்துக்கு வந்து சேரலாம். வழியில் வயிற்றைக் கலக்கினால் எங்கே இறங்குவது? தேயிலைக்குள்ளா? ஒழுங்காகக் குடிக்கவில்லை என்று நீங்கள் ஏசிய அந்த மிச்ச மருந்து, அப்போது போத்தலோடு என் பையில்தான் இருந்தது.

எனவே நான் கேட்பது ஒன்றுதான். தூரத்துத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்களை, முக்கியமாக வயது போனவர்களை, முதல் நாளே அனுமதித்து அங்கேயே மருந்தைக் குடிக்க வையுங்கள். வெறும் வயிற்றோடு இரவு முழுக்க வயிற்றால் போனால் பிரஷர் இறங்கும், தலை சுற்றும். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு இன்னும் ஆபத்து. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்புறம் பயம். கீழ் லயத்தில் ஒரு பெரியம்மா இருக்கிறார். அவருக்கும் இந்தப் பரிசோதனை நடந்தது. குடலை உருவி வெளியே எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உள்ளே வைத்தார்கள் என்பதுதான் அவர் சொல்லும் கதை, லயமே அதை நம்புகிறது. சின்னக் கட்டி ஒன்றை அப்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள், வெட்டியதே தெரியவில்லை, இன்று தெம்பாகக் கோயிலுக்கு நடந்து போகிறார். அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. துருவிக் கேட்டபோதுதான் உண்மையான வேதனை என்ன என்று சொன்னார். பார்ப்பதற்காகக் குடலுக்குள் காற்று விடுவீர்கள் என்று அவருக்குத் தெரியாது. வயிறு ஊதிக்கொண்டு வந்ததும் வெடிக்கப்போகிறது என்று நினைத்திருக்கிறார். டொக்டர் முன்னால் காற்றுப் பிரிந்தால் மானக்கேடு என்று பல்லைக் கடித்து அடக்கியிருக்கிறார். அடக்க அடக்க வலி கூடியிருக்கிறது. அடக்க வேண்டாம் அம்மா, விட்டுவிடுங்கள், இங்கே எல்லோருக்கும் அப்படித்தான் என்று ஒருவர் காதருகே தமிழில் சொல்லியிருந்தால் பாதி வலி குறைந்திருக்கும். அவர் காதில் விழுந்ததெல்லாம் "வமட்ட ஹெரென்ன" (இடப்பக்கம் திரும்புங்கள்), "ஹெலவென்ன எப்பா" (அசைய வேண்டாம்) என்ற சிங்கள அதட்டல்தான். கடைத்தெருவுக்குப் போதுமான சிங்களம் பெரியம்மாவுக்கு உண்டு. அந்த மேசையில் கிடக்கும்போது அதுவும் மறந்துபோனது.

அம்மாவுக்கு எனக்குத் தெரிந்ததை நானே சொல்லிப் பார்த்தேன். குழாய் வளைவில் திரும்பும்போது வயிற்றைப் பிடித்து இழுக்கும், கொஞ்ச நேரத்தில் விட்டுவிடும். வாயால் நீளமாக மூச்சை விட வேண்டும். தாங்கமுடியாவிட்டால் கையைத் தூக்கிக் காட்டலாம். நிறுத்திக் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள், இல்லை ஆளைத் திருப்பிப் படுக்க வைப்பார்கள். மயக்கமாக இருக்க ஊசியும் கேட்கலாம். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீ உள்ளுக்கு வருவியா?" என்றார். நீங்கள் விடமாட்டீர்களே! அப்படியானால் நான் நிற்க வேண்டிய இடத்தில் தமிழ் பேசுகிற ஒருவரை நிறுத்துங்கள். தாதியாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, சிற்றூழியரில் ஒருவராக இருந்தாலும் சரி. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்திலிருந்து தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. நீங்கள் தந்த துண்டை நான்தான் அம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன்.

லயத்தைப் பற்றிச் சொன்னால் உடனே, அது தோட்டத்தின் பொறுப்பு என்பார்கள். தோட்டத்தில் கேட்டால் கம்பனி, கம்பனியில் கேட்டால் அரசாங்கம். 1992இல் நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனதிலிருந்து இந்தப் பந்து உருண்டுகொண்டே இருக்கிறது. எங்கள் முன்னோர் இங்கே வந்து இருநூறு வருடம் என்று 2023இல் 'மலையகம் 200' பற்றி மேடை மேடையாகப் பேசினார்கள். எங்கள் தோட்டத்தில் கழிப்பறைத் திட்டத்துக்குத் திறப்புக் கல் இருக்கிறது, அதில் பெயர்களும் இருக்கின்றன, கழிப்பறைதான் இல்லை. அந்தப் பெயர்க்காரர்களுக்கு ஆளுக்கொரு பாக்கெட் மருந்துப் பவுடரைக் கரைத்துக் கொடுத்து, ஓர் இரவு எங்கள் லயத்தில் தங்க வைத்தால் வீட்டுத்திட்டம் மறுநாளே நடக்கும். மன்னிக்கவும், அது உங்கள் வேலையல்ல. உங்கள் வேலை எது என்பதற்கே வருகிறேன்.

கட்டில் இல்லை என்பீர்கள். வார்டு நிரம்பி வழிவதை நானும் பார்த்தேன். மருந்து குடித்தவருக்குக் கட்டில் எதற்கு? அவர் படுக்கவா போகிறார்? கழிப்பறைக்குப் பக்கத்தில் ஒரு வாங்கு போதும், கூப்பிட்டால் வருகிற தூரத்தில் ஒரு தாதி இருந்தால் போதும். வாரத்தில் ஒரு நாளைத் தூரத்துத் தோட்டக்காரருக்கு ஒதுக்கி, அவர்களை முதல் நாளே வரச் சொல்லுங்கள். திருப்பி அனுப்புகிற ஒவ்வொருவராலும் உங்களுக்கும் ஒரு இடம் வீணாகிறதே.

வேலைப்பளுவுக்கு மத்தியில் இதை வாசித்ததற்கு நன்றி. அம்மாவின் கிளினிக் கொப்பியில், அடுத்த திகதிக்குப் பக்கத்தில், "முதல் நாள் மாலை அனுமதிக்கவும்" என்று ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டுத் தருமாறு தயவாகக் கேட்டுக்கொள்கிறேன். எந்த நாள் சொன்னாலும் கொப்பியைக் கொண்டு வருகிறேன். அந்த வரியைக் காட்டினால் அம்மாவைச் சம்மதிக்க வைக்கலாம்.

இப்படிக்கு,
நோயாளியின் மகள்,
பொகவந்தலாவை