மாணவரைப் பேச விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கல்லூரிச் சேர்க்கை ஆலோசகரைச் சந்திப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மேல்நிலை வகுப்பு ஆசிரியை என்ற முறையில் மாணவர்களுடன் அத்தகைய சந்திப்புகளுக்குப் போயிருக்கிறேன். கட்டுரை விட்டுவிட்ட சிலவற்றைச் சொல்லியாக வேண்டும்.

எதிரே அமர்ந்திருப்பவருக்குச் சம்பளம் தருவது யார் என்று முதலில் கேளுங்கள். கல்லூரியே அமர்த்தியவர் என்றால் அங்குள்ள இடங்களை நிரப்புவதும் அவர் வேலைதான். வெளி ஆலோசகர்களில் சிலர் கல்லூரிகளிடம் தரகு பெறுகிறார்கள். நேர்மையானவர் இந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். எடுத்த எடுப்பிலேயே "இடம் உறுதி" என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அண்மையில் ஓர் ஆலோசகர் என் மாணவியிடம், "யாரும் சொல்லாமல் நீயாக எடுத்துப் படிக்கும் பாடம் எது?" என்று கேட்டார். தந்தை முந்திக்கொண்டு, "கணினி" என்றார். ஆலோசகர் பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்துக் காத்திருந்தார். தயங்கித் தயங்கி, "தாவரவியல்" என்றாள். உருப்படியான பேச்சு அதன் பிறகுதான் தொடங்கியது. பெற்றோரே, அந்தச் சில நொடிகள் பொறுத்திருங்கள்!

மதிப்பெண் பட்டியலை எடுத்துச் செல்ல யாரும் மறப்பதில்லை. கட்டணத்தைத்தான் அரைகுறையாகக் கேட்கிறார்கள். விடுதி, ஆய்வகம், தேர்வு எல்லாம் சேர்த்துப் படிப்பு முடியும்வரை மொத்தம் எவ்வளவு? உதவித்தொகை அடுத்த ஆண்டும் தொடர எவ்வளவு மதிப்பெண் வேண்டும்? இடையில் விலகினால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? பதிலை எழுத்தில் வாங்குங்கள். அன்றே முன்பணம் கட்டச் சொன்னால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

தேர்வு முடிவுகள் வெளியாகும் வாரத்தில் இந்தக் கேள்விகளைத் தாங்கள் மீண்டும் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மேல்நிலைப் பள்ளி ஆசிரியை